கணக்குப் புத்தகத்தில் இல்லாத கரங்கான்

மலேசியாவின் கெடா மாநிலத்துத் தென்பகுதியில், கூலிம் மாவட்டத்தில் இருக்கிறது கரங்கான். டப்ளின், சுங்கை டிங்கின் என்று தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக ரப்பர்ப் பால் வெட்டிப் பிழைத்த தோட்டங்கள் சூழ்ந்த சிறு பட்டணம். இந்த வட்டாரத்து மக்களின் மனநலத்துக்காக அரசாங்கம் ஓர் ஆண்டில் எவ்வளவு செலவழிக்கிறது என்று கேட்டால், பொதுமக்கள் கைக்கு எட்டும் பட்ஜெட் புத்தகத்தில் விடை கிடைக்காது. நாடு முழுமைக்கும் ஒரு விடை உண்டு. சுகாதார அமைச்சின் வரவு செலவில் மனநலத்துக்குப் போவது ஏறத்தாழ 1 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் தொகுத்திருக்கும் கணக்கின்படி உலகச் சராசரியே 2 சதவீதம்தான். அந்தக் குறைந்த சராசரியையும் நாம் எட்டவில்லை. ஒவ்வோர் அக்டோபரிலும் பட்ஜெட் தாக்கலாகும்போது இதை உயர்த்தச் சொல்லிக் குரல் எழுகிறது. நியாயமான குரல்தான், ஆனால் அதில் பாதிக் கோரிக்கையே இருக்கிறது. 1 சதவீதம் 2 சதவீதமானாலும், அதில் எத்தனை காசு கூலிம் மாவட்டத்துக்கு வந்தது, வந்த காசால் என்ன நடந்தது என்று காட்டும் கணக்கு இல்லாதவரை, கூடுதல் பணமும் கோலாலம்பூரைத் தாண்டுவதற்கு எந்தக் கட்டாயமும் இல்லை. பணம் குறைவு என்பதைவிட, பணத்துக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை என்பதே பெரிய குறை என்று நினைக்கிறேன்.

தேவை எவ்வளவு என்பதில் இருந்து தொடங்கலாம். தேசிய சுகாதார, நோயுற்ற நிலை ஆய்வில் மனநலச் சிக்கலுக்கான அறிகுறி உள்ள பெரியவர்கள் 1996இல் 10.7 சதவீதமாக இருந்தனர், 2006இல் 11.2; 2015இல் 29.2. மூன்றில் ஒருவருக்கு மனநோய் என்று இந்தக் கடைசி எண்ணைப் பத்திரிகைகள் பெரிதாகப் போட்டன. அது சரியான வாசிப்பு அல்ல. கேள்வித்தாளில் சில கேள்விகளுக்கு ‘ஆம்’ என்று சொன்னவர்களின் கணக்கு அது. மருத்துவர் சோதித்து நோய் என்று உறுதிசெய்த கணக்கு அல்ல. கேள்வி முறையை மாற்றி, மனச்சோர்வை மட்டும் தனியாக அளந்தபோது 2019இல் 2.3 சதவீதம் வந்தது, அதாவது ஏறக்குறைய ஐந்து லட்சம் பெரியவர்கள். 2023இல் அதே அளவு 4.6 சதவீதமாக, இரண்டு மடங்காக உயர்ந்தது. கோவிட் காலத்தின் சுமை அதில் தெரிகிறது. போலீஸ் பதிவுப்படி 2020இல் 631 பேர் தற்கொலையால் இறந்தனர். 2021இல் 1,142 பேர். வேலையும் வருமானமும் போய், பசிக்கு உதவி கேட்டு மக்கள் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டிய ஆண்டு அது.

நம் சமூகத்தைப் பொறுத்தவரை இன்னொரு கணக்கும் இருந்தது. 2007இல் தேசிய அளவில் தற்கொலைப் பதிவகம் ஒன்று தொடங்கப்பட்டது. அதன் முதல் சில ஆண்டறிக்கைகள் ஒரு விஷயத்தைத் தெளிவாகக் காட்டின: எல்லா இனங்களிலும் இந்தியர்களிடையேதான் தற்கொலை விகிதம் மிக அதிகம். இவ்வளவு தெரிந்தபிறகு என்ன நடந்திருக்க வேண்டும்? இந்தியர்கள் செறிந்திருக்கும் கூலிம், சுங்கை பட்டாணி போன்ற வட்டாரங்களுக்குத் தனிக் கவனம் போயிருக்க வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு அந்த எண் இறங்குகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். நடந்தது வேறு. 2009ஆம் ஆண்டுக்கான அறிக்கைக்குப் பிறகு அந்த வரிசையே நெடுங்காலம் நின்றுபோனது. எண்ணிக்கை நின்றால் கேள்வியும் நிற்கும். எந்த அமைச்சரும் எந்த ஆண்டும் இதற்குப் பதில் சொல்ல வேண்டிய நிலை வரவில்லை.

சேவை எப்படி வளர்ந்தது என்பதைப் பார்த்தால், பணம் எந்த வழியாக ஓடுகிறது என்பது புரியும். காலனி அரசு 1911இல் பேராக்கில், ஈப்போவுக்கு அருகே தஞ்சோங் ரம்புத்தானில் மனநோய் மருத்துவமனையைத் திறந்தது. பின்னாளில் ஜொகூரில் பெர்மாய், கூச்சிங்கில் செந்தோசா, கோத்தா கினபாலுவில் மெஸ்ரா என்று நான்கு பெரிய மனநல மருத்துவமனைகள் ஆயின. கெடாவில் ஒன்றும் இல்லை. தோட்டத்தில் ஒருவருக்குப் புத்தி பேதலித்தால், டிரசர் என்ற மருத்துவ உதவியாளர் பார்ப்பார், தோட்ட மேலாளரான துரைக்குச் சொல்வார், நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த தஞ்சோங் ரம்புத்தானுக்கு ஆளை அனுப்பிவைப்பார்கள். பலர் திரும்பவில்லை. பொது மருத்துவமனைக்குள்ளேயே மனநலப் பிரிவு வைக்கும் முறை 1958இல் பினாங்கில் தொடங்கிற்று. 1990களின் பிற்பாதியில்தான் சுகாதார கிளினிக்குகளிலும் மனநோய்க்கு மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். கெடாவில் பெரிய மனநல மருத்துவமனை இல்லை என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆளை ஊரிலிருந்து பிடுங்கிக்கொண்டுபோய் மதில் சுவருக்குள் வைக்கும் முறை தவறான முறை. அது இங்கே வராததே நல்லது. சிக்கல் வேறு. அரசாங்கத்தில் கட்டடமும் கட்டிலும் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பதவி உருவாகும், பதவி இருக்கும் இடத்துக்குத்தான் பணம் போகும். கட்டில் இல்லாத ஊரில், வீட்டிலிருந்தே சிகிச்சை பெறும் நோயாளிக்கு அந்தக் கணக்கில் இடமே கிடையாது.

மருத்துவர்களின் நிலையிலும் இதே சரிவைக் காணலாம். 2018இல் நாடு முழுதும் பதிவான மனநல மருத்துவர்கள் 410 பேர். ஒரு லட்சம் மக்களுக்கு 1.27 பேர் என்று கணக்கு வந்தது. பத்தாயிரம் பேருக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்ற இலக்கோடு ஒப்பிட்டால், இருக்க வேண்டியதில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான் இருந்தது. அந்த 410 பேரிலும் பெரும் பகுதி கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும், பல்கலைக்கழக மருத்துவமனைகளிலும் தனியார் துறையிலும் இருந்தார்கள். இந்தச் சராசரி எண் ஒரு பொய்யைச் சொல்கிறது: கோலாலம்பூரில் வாழ்பவருக்கும் கரங்கானில் வாழ்பவருக்கும் அதே 1.27தான் என்று.

கரங்கானில் வாழ்பவர் சிகிச்சைக்குப் போகும் வழியைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அரசு கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி, நிபுணர் மருத்துவரைப் பார்க்க ஐந்து வெள்ளி. உலகில் மிகச் சில நாடுகளே இவ்வளவு மலிவாகச் சிகிச்சை தருகின்றன. இந்த ஏற்பாட்டை மலேசியா காப்பாற்றி வைத்திருப்பது பெரிய சாதனை. ஆனால் நோயாளியின் செலவு கட்டணத்தோடு முடிவதில்லை. கூலிம் மருத்துவமனைக்கோ சுங்கை பட்டாணி மருத்துவமனைக்கோ போக வேண்டும். மோட்டார் ஓட்டத் தெரிந்த ஒருவர் கூட வர வேண்டும். இருவருக்கும் அன்றைய கூலி போகும். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். நாளொன்றுக்கு அறுபது, எழுபது வெள்ளிக்குள் வரும். ஐந்து வெள்ளிச் சிகிச்சைக்கு நூறு வெள்ளிக்கு மேல் விலை. மனச்சிதைவு நோயாளிக்கு மாதந்தோறும் போடும், நீண்டநாள் வேலைசெய்யும் ஊசி ஒன்று உண்டு. அதை இரண்டு மாதம் விட்டால் போதும், நோய் திரும்பக்கூடும். நோய் திரும்பினால் மருத்துவமனையில் வாரக்கணக்கில் கட்டில். கிளினிக் வரை ஊசியைக் கொண்டுவர அரசுக்கு ஆகும் செலவைவிட அந்தக் கட்டிலுக்கு ஆகும் செலவு பல மடங்கு. ஆனால் இரண்டும் வேறு வேறு கணக்குத் தலைப்பில் வருவதால், ஒன்றை மிச்சம் பிடித்து இன்னொன்றில் இழப்பது எவர் கண்ணிலும் படுவதில்லை.

இதே அலைச்சல் இன்னொரு கதவையும் அடைக்கிறது. மனநோய்க்காக மாற்றுத்திறனாளி அட்டை, அதாவது ஓ.கே.யு. அட்டை வாங்க வேண்டுமானால், குறைந்தது இரண்டு ஆண்டு மனநலச் சிகிச்சையில் தொடர்ந்து இருந்திருக்க வேண்டும் என்பது சமூக நலத் துறையின் விதி. அட்டை இருந்தால் அரசு மருத்துவமனையில் கட்டணம் இல்லை, மாத உதவித்தொகைக்கும் மனுப் போடலாம். ஆக, தொடர்ந்து வர வசதியில்லாதவருக்குத்தான் உதவி அதிகம் தேவை. தொடர்ந்து வர வசதியுள்ளவருக்குத்தான் அது கிடைக்கும். இந்த விதியை எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை. மாவட்ட அளவில் எத்தனை பேர் பாதியில் வராமல் நின்றார்கள் என்ற எண் அவர்கள் முன்னால் வைக்கப்பட்டிருந்தால் வேறு மாதிரி எழுதியிருக்கக் கூடும்.

சட்டத்தின் பார்வையும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. 1952ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2001இல் மனநலச் சட்டம் நிறைவேறியது. அதற்கான விதிமுறைகள் தயாராகி, நடைமுறைக்கு வந்தது 2010இல். இந்த ஒன்பது ஆண்டுத் தாமதமே ஒரு கட்டுரைக்கு ஆகும், விட்டுவிடுவோம். ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக எப்போது சேர்க்கலாம், உறவினர் எப்படி விண்ணப்பிக்க வேண்டும், போலீஸ் எப்போது தலையிடலாம் என்பதை எல்லாம் அந்தச் சட்டம் விரிவாகச் சொல்கிறது. மனநல மருத்துவமனைகளைப் பார்வையிட அமைச்சர் நியமிக்கும் வருகையாளர் வாரியமும் உண்டு. பூட்டிய வார்டுக்குள் கொடுமை நடக்கக்கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு அது, அவசியமான ஏற்பாடு. ஆனால் இன்று பெரும்பாலான நோயாளிகள் வார்டில் இல்லை, வீட்டில் இருக்கிறார்கள். சமூக மனநல மையங்களுக்கும் அதே சட்டம் இடம் தருகிறது. ‘மெந்தாரி’ என்ற பெயரில் அவை பல நகரங்களில் இயங்குகின்றன, நோயாளிகளை வேலையில் அமர்த்தும் திட்டம் வரை செய்கின்றன. வார்டில் இருப்பவரை எப்படி நடத்துகிறார்கள் என்று கேட்க ஒரு வாரியம் இருக்கிறது. சிகிச்சையே எட்டாமல் வீட்டில் கிடப்பவரைப் பற்றிக் கேட்க எந்த வாரியமும் இல்லை.

அப்படியானால் யாரைக் கேட்பது? மலேசிய அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணைப்படி மருத்துவமும் சுகாதாரமும் மத்திய அரசின் பொறுப்பு. கெடா மாநிலச் சுகாதாரத் துறை என்று ஒன்று அலோர் ஸ்டாரில் இருந்தாலும் அது புத்ராஜெயாவின் கிளைதான். மாநிலச் சட்டமன்றத்துக்குப் பதில் சொல்லும் துறை அல்ல. கரங்கான்காரர் தம் சட்டமன்ற உறுப்பினரிடம் போனால் அவரால் கடிதம் எழுத முடியும், கணக்குக் கேட்க முடியாது. மாநகராட்சி, நகராட்சி மன்றங்களுக்கான தேர்தல்கள் 1965இல் நிறுத்திவைக்கப்பட்டு, 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தோடு முற்றாக ஒழிந்தன. அதனால் கூலிம் நகராண்மைக் கழக உறுப்பினர்களும் நியமனம்தான். எஞ்சுவது நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரே. இருநூற்றிருபத்திரண்டு பேரில் ஒருவராக அவர் எழுந்து, தம் தொகுதியின் மனநலச் சேவையைப் பற்றி ஒரு கேள்வி கேட்க வேண்டும். கேட்டாலும் நாடு தழுவிய பதிலே வரும். ஏனெனில் எண்கள் அப்படித்தான் தொகுக்கப்பட்டிருக்கின்றன.

பொறுப்பு ஓரிடத்தில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தோட்டப்புறத்திலேயே ஒரு கதை இருக்கிறது. களைக்கொல்லியான பாராகுவாட்டைத் தோட்டங்களில் தெளித்தவர்களில் மிகப் பலர் தமிழ்ப் பெண்கள். விபத்தாலும் தற்கொலையாலும் அந்த மருந்து உயிர்களைக் குடித்தது. 2002இல் அரசாங்கம் அதைப் படிப்படியாகத் தடைசெய்ய முடிவெடுத்தது. செம்பனைத் துறை எதிர்த்தது. 2006இல் தடை தளர்ந்தது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1இல். இடையில் பதினான்கு ஆண்டு. பூச்சிமருந்து வாரியம் விவசாய அமைச்சின் கீழ், இறப்பு சுகாதார அமைச்சின் கீழ், தொழிலாளி மனிதவள அமைச்சின் கீழ். தடை தளர்ந்ததால் எத்தனை உயிர் போனது என்று எந்த அமைச்சும் கணக்குக் காட்ட வேண்டியிருக்கவில்லை. இலங்கையை ஒப்பிட்டுப் பாருங்கள். உலகிலேயே மிக உயர்ந்த தற்கொலை விகிதம் கொண்ட நாடுகளில் ஒன்றாக 1990களில் இருந்த அந்த நாடு, கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்தது. 1995க்குப் பின் இருபது ஆண்டுகளில் விகிதம் மூன்றில் ஒரு பங்குக்கு அருகே இறங்கியது. விளைச்சலும் அதனால் குறையவில்லை என்று ஆய்வுகள் காட்டின. அங்கே எண்ணிக்கை தொடர்ந்து எடுக்கப்பட்டது, அதை வைத்துக் கேள்வி கேட்ட மருத்துவர்கள் இருந்தார்கள். மனநலப் பணம் என்றால் மருத்துவமனை கட்டுவது மட்டுமல்ல என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

பணம் அறிவிக்கப்படாமலும் இல்லை. 2021 பட்ஜெட்டில் மனநலம், வன்முறைத் தடுப்பு, போதைப்பொருள் தடுப்பு மூன்றுக்கும் சேர்த்து 24 மில்லியன் ரிங்கிட். அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் மனநலத்துக்கு 70 மில்லியன். 2022இல் 15555 என்ற எண்ணில் ‘ஹீல்’ உதவித் தொலைபேசி தொடங்கப்பட்டது; மனம் உடைந்து நிற்பவர் எந்த ஊரிலிருந்தும் கூப்பிடலாம். இவை எல்லாம் வரவேற்க வேண்டியவை. ஆனால் பட்ஜெட் உரையில் கைதட்டு வாங்கிய தொகை எந்த மாநிலத்தில், எந்த மாவட்டத்தில், எத்தனை பேருக்கு என்ன செய்தது என்ற அறிக்கை அடுத்த ஆண்டு உரையில் வருவதில்லை. புதிய தொகைதான் வருகிறது. கூலிமில் 1996இல் திறந்த உயர்தொழில்நுட்பப் பூங்காவைப் பற்றி இப்படிப் பேசுவார்களா? எத்தனை தொழிற்சாலை, எத்தனை முதலீடு, எத்தனை வேலை என்று ஆண்டுதோறும் எண்ணிச் சொல்கிறார்கள். அதே பூங்காவில் இரவு ஷிப்ட் பார்க்கும் தோட்டத்துப் பிள்ளைகளின் தூக்கத்துக்கும் மனத்துக்கும்தான் அந்த எண்ணும் பழக்கம் வரவில்லை.

முதல் ஆட்சேபம் எளிதாக எழும்: டெங்கிக்கும் டயாலிசிஸுக்குமே பணம் போதாத நாட்டில் மனநலத்துக்கு எங்கே போவது? இது அற்பமான கேள்வி அல்ல. சிறுநீரக நோயாளிக்கு வாரம் மூன்று முறை இயந்திரம் இல்லாவிட்டால் உயிர் போகும். ஆனால் மனநலத்தைத் தள்ளிவைப்பது மிச்சம் அல்ல. வேலையிடத்து மனநலச் சிக்கல்களால் 2018இல் மட்டும் நாட்டுக்கு 14.46 பில்லியன் ரிங்கிட் இழப்பு என்று ரிலேட் மலேசியா என்ற அமைப்பு மதிப்பிட்டது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறக்குறைய 1 சதவீதம். இப்படிப்பட்ட மதிப்பீடுகளில் அனுமானம் அதிகம், பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அரசு மனநலத்துக்குத் தரும் தொகையைப்போல் பல மடங்கு. இன்னொன்று, குறிப்பிட்ட வரியைக் குறிப்பிட்ட நோய்க்கு ஒதுக்குவது நமக்குப் புதிதல்ல. 2024 பட்ஜெட்டில் இனிப்புப் பானங்களுக்கான வரியை லிட்டருக்கு 40 காசிலிருந்து 50 காசாக உயர்த்தி, அந்த வருமானம் நீரிழிவுச் சிகிச்சைக்கு என்று சொன்னார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் விசாரணை ஆணையம் வைத்து மனநலச் சேவையைத் துருவிப் பார்த்துவிட்டு, 2022 முதல் பெரிய நிறுவனங்களின் சம்பளப் பட்டியல் மீது மனநலத்துக்கென்றே ஒரு கூடுதல் வரி போட்டது.

ஆனால் தனி வரி வந்தால் எல்லாம் தீரும் என்று நம்புகிறவர்கள் கலிபோர்னியாவைப் பார்க்க வேண்டும். பத்து லட்சம் டாலருக்கு மேல் வருமானமுள்ளவர்கள் மீது 1 சதவீத மனநல வரியை மக்கள் 2004இல் வாக்களித்துக் கொண்டுவந்தார்கள். 2018இல் மாநிலக் கணக்காய்வாளர் பார்த்தபோது, மாவட்டங்களின் கையில் 2.5 பில்லியன் டாலர் செலவாகாமல் குவிந்து கிடந்தது. இந்தியாவிலும் இதே கதைதான். தேசிய மனநலத் திட்டத்துக்கு 2019-20 பட்ஜெட்டில் 40 கோடி ரூபாய் ஒதுக்கி, ஆண்டு முடிவதற்குள் 5 கோடியாகக் குறைத்துவிட்டார்கள். அங்கே சட்டம் நம்முடையதைவிட முன்னேறியது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகிய பிறகு உச்ச நீதிமன்றம் தலையிட்டது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், ஒரு மாவட்டத்தில் அரசு சேவை கிடைக்காவிட்டால் அதே மாவட்டத்தில் வேறிடத்தில் பெறும் சிகிச்சைக்கு அரசே பணம் தர வேண்டும் என்று சொல்கிறது. மாவட்டத்தை அலகாக வைத்து உரிமையை எழுதியது மலேசியா கவனிக்க வேண்டிய அம்சம். ஆனால் பணத்தின் கணக்கும் அதே மாவட்ட அலகில் வராததால் அந்த உரிமை பல இடங்களில் காகிதத்தில் நிற்கிறது.

இரண்டாவது ஆட்சேபம் நம் ஆட்களிடமிருந்தே வரும். சேவை இருந்தாலும் போகமாட்டார்கள். பேய் பிடித்தது, செய்வினை என்று கோயிலுக்கும் சாமியாடியிடமும்தான் போவார்கள். வெட்கம்தான் தடை, பணம் அல்ல. வெட்கம் உண்மை, ஆனால் அது பாதிக் காரணம். நூற்றாண்டுக் காலமாக மனநோய்ச் சிகிச்சை என்றால் போலீஸ் வண்டியும் தஞ்சோங் ரம்புத்தானும்தான் என்று காட்டிவிட்டு, மக்கள் ஏன் கூசுகிறார்கள் என்று கேட்பது எப்படி? தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023 வரை உயிரோடு இருந்தது. நாடாளுமன்றம் அந்த ஆண்டு அதை நீக்கியது. பயந்து மறைத்தவர்களுக்கு மறைக்க ஒரு காரணம் குறைந்தது. சேவை பக்கத்தில் வந்து, பேசும் மொழியில் வந்து, சிலர் குணமாவதை ஊர் கண்ணால் பார்த்தால் வெட்கம் தானாக இளகும். சாமியாடியிடம் போகிறவர் கிளினிக்குக்கும் போவார். அவரைத் திட்டி ஆவதொன்றுமில்லை.

சிலர் வேறொரு வழி சொல்கிறார்கள்: இந்தியர்களின் மேம்பாட்டுக்கென்று மித்ரா இருக்கிறது, ஆண்டுக்கு 100 மில்லியன் ரிங்கிட், அதில் ஒரு பங்கை மனநலத்துக்குத் தரலாமே. இந்த யோசனையை நான் ஏற்கவில்லை. மித்ரா பணத்தின் பயன்பாடு குறித்து ஊழல் தடுப்பு ஆணையம் விசாரிக்க நேர்ந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சிறு சிறு மானியமாகச் சங்கங்களுக்குப் பிரியும் பணத்தைப் பின்தொடர்வது எவ்வளவு கடினம் என்பது அதில் தெரிந்தது. அதைவிட முக்கியமான காரணம், மனச்சிதைவுக்கு ஊசி போடுவது ஒரு சமூகத்துக்கான சலுகை அல்ல, குடிமகனுக்கு அரசு செய்ய வேண்டிய கடமை. அதை மித்ராவுக்குத் தள்ளிவிட்டால் சுகாதார அமைச்சு கைகழுவிக்கொள்ளும். மித்ராவின் பணம் குறையும் ஆண்டில் ஊசியும் நிற்கும். தொண்டு அமைப்புகள் பேச்சுத் துணைக்கும் விழிப்புணர்வுக்கும் அருமையானவை. மருந்துக்கும் மருத்துவருக்கும் அமைச்சுதான் பொறுப்பு.

நிர்வாகிகள் சொல்லும் ஆட்சேபம் நுட்பமானது. மாவட்ட வாரியாக எண்களை வெளியிட்டால், எண்ணுக்காக வேலை செய்வார்கள். சோதனைத் தாள் நிரப்பிய எண்ணிக்கையை ஏற்றிக் காட்டுவார்கள், நோயாளி அப்படியே இருப்பார். இது நடக்கக்கூடியது. எத்தனை பேருக்குக் கருத்தரங்கு நடத்தினோம், எத்தனை பேரைச் சோதித்தோம் என்ற எண்களைக் கேட்டால் நிச்சயம் அப்படித்தான் ஆகும். அதனால் ஏய்க்கக் கடினமான எண்களைக் கேட்க வேண்டும்: மாவட்டத்துக்கு அனுமதிக்கப்பட்ட மனநலப் பதவிகள் எத்தனை, அதில் ஆள் இருப்பது எத்தனை, கிளினிக் பரிந்துரைத்த நாளுக்கும் மனநல மருத்துவர் பார்த்த நாளுக்கும் இடைவெளி எவ்வளவு, ஆண்டின் தொடக்கத்தில் ஊசியில் இருந்தவர்களில் ஆண்டு முடிவில் எத்தனை பேர் தொடர்கிறார்கள், தமிழில் பேசக்கூடிய ஆலோசகர் வாரத்தில் எத்தனை நாள் இருக்கிறார். இங்கிலாந்தில் வட்டாரச் சுகாதார அமைப்புகள் தங்கள் மொத்த நிதி உயரும் விகிதத்துக்குக் குறையாமல் மனநலச் செலவையும் உயர்த்த வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது; அதைத் தணிக்கையாளர் சரிபார்க்கிறார். காத்திருப்பு அங்கேயும் நீளம்தான், புகழ்ந்து தள்ள ஒன்றுமில்லை. ஆனால் எந்த வட்டாரம் பணத்தை வேறு பக்கம் திருப்பியது என்பது அங்கே ரகசியமாக இருக்க முடியாது.

இதற்கெல்லாம் புதிய சட்டமோ புதிய வாரியமோ தேவையில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. சுகாதார கிளினிக்குகளுக்கு ஊர் மக்களைக் கொண்ட ஆலோசனைக் குழுக்கள் இருக்கின்றன. அரசு மருத்துவமனைகளுக்கு வருகையாளர் வாரியங்கள் இருக்கின்றன. நாற்காலி வாங்கிக் கொடுப்பதும் பண்டிகைக்கு நோயாளிகளைப் பார்ப்பதும் மட்டுமே அவற்றின் வேலையாகச் சுருங்கிவிடக் கூடாது. மேலே சொன்ன ஐந்து எண்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தக் குழுக்களின் முன் வைக்கும்படி சுகாதார அமைச்சு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். தலைமைக் கணக்காய்வாளர் ஒரு துறையின் செயல்திறனை ஆராயும் அதிகாரம் உள்ளவர். சமூக மனநலச் சேவையை மாவட்ட அளவில் ஆராய்ந்தால், பொதுக் கணக்குக் குழு அமைச்சு அதிகாரிகளை அழைத்து விசாரிக்க வழி பிறக்கும். 2023 ஜூனில் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட சுகாதார வெள்ளை அறிக்கை, பொதுச் சுகாதாரச் செலவை உள்நாட்டு உற்பத்தியில் 5 சதவீதத்தை நோக்கி உயர்த்துவதைப் பற்றிப் பேசுகிறது. அது நடந்தால் பல பில்லியன் ரிங்கிட் புதிதாக வரும். எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு என்ற பத்தியை அந்தப் பணம் வருவதற்கு முன்பே பட்ஜெட் புத்தகத்தில் சேர்க்கச் சொல்லி, வரும் அக்டோபரில் கூலிம் வட்டாரத்து நாடாளுமன்ற உறுப்பினர்கள் எழுத்துப்பூர்வமாக ஒரு கேள்வி போடலாம். அதைப் போடச் சொல்லிக் கேட்க வேண்டியது கரங்கான் வாக்காளர்கள்.